கடலில்லாத ஊரில் ஒரு கடற்கடிகாரம்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டே காலுக்குப் பெங்களூர் கண்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து சுமார் இருநூற்று இருபது மைல். மூன்றாம் வகுப்புச் சீட்டு ஒன்பது ரூபாயும் சில்லறையும். பங்காருப்பேட்டைக்கு முன்பே காது லேசாக அடைத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் முக்குளிப்பவன். ஆழமானாலும் உயரமானாலும் என் காதுக்கு உடனே தெரிந்துவிடும். இந்த ஊர் கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே இருக்கிறது.

நான் வந்த காரியம் இதுதான். சென்னைத் துறைமுகத்தில் மூழ்கிய படகுகளையும் அறுந்த நங்கூரங்களையும் எடுத்துக் கொடுக்கும் குத்தகைக்காரர் ஒருவரிடம் நாங்கள் ஆறு பேர் வேலை செய்கிறோம். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவோம். தொண்ணூறு அடியில் ஒரு சிலிண்டர் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் தாங்கும். எப்போது மேலே வர வேண்டும் என்பதைக் கைக்கடிகாரம்தான் சொல்ல வேண்டும். ஆறு பேரில் என் ஒருவனிடம்தான் அது இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டுக் கப்பல் அதிகாரி கழற்றிக் கொடுத்த வெண்கலக் கூடுள்ள கடிகாரம். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும். வெண்கலத்தைப் பச்சை பிடிக்க வைப்பதோடு சரி. மற்ற ஐவரையும் மேலே நிற்பவன் கயிற்றைச் சுண்டிக் கூப்பிடுகிறான். கயிறு எங்காவது மாட்டிக்கொண்டால் கூப்பிட வழியில்லை.

வெளிநாட்டுச் சரக்கு வருவது இப்போது குதிரைக்கொம்பு. அதனால் முதலாளி, பெங்களூரில் தேவராஜ் என்ற டர்னரைப் பிடித்து, தீபாவளிக்கு முன் என் கடிகாரத்தைப் பத்து நாள் அவரிடம் கொடுத்து அளவெடுக்கச் சொன்னார். பொங்கல் கழிந்ததும் நகல் தயார் என்று கடிதம் வந்தது. "நீ போய் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. நீ சரின்னு சொன்னா இன்னும் நாலு செய்யச் சொல்லிடுறேன்" என்றார் முதலாளி. கீழே போகிறவன் நான். ஆகவே என் சொல்லே முடிவு.

நிலையத்துக்கு வெளியே ஜட்கா பிடித்தேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பன்னிரண்டணா. நயா பைசா வந்து ஆண்டுகள் ஆகியும் வண்டிக்காரர்கள் அணாவை விடவில்லை. வண்டியோட்டிய பெரியவர் வழி நெடுக என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சாப் அது? பைப்பு மூடியக் கையில கட்டிக்கினு கீறீங்க?"

"கடிகாரம் பாய்."

"ஓடுதா?"

"ஏழு வருஷமா ஓடுது."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடைகள் முடிந்து இறைச்சிக்கடைகள் தொடங்கும் சந்தில் தேவராஜின் பட்டறை. ஒரு லேத்து, ஒரு துளைபோடும் இயந்திரம், சுவரில் வரிசையாக அரங்கள். தேவராஜுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கோலார் தங்கவயலில் சுரங்கப் பட்டறையில் வேலை பழகி, எட்டு வருடத்துக்கு முன் இங்கே வந்தவர். அவர் மனைவி அமலா ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பொருத்தும் பிரிவில் வேலை செய்கிறார். சனிக்கிழமை அரை நாள் என்பதால் அவரும் பட்டறைக்கு வந்திருந்தார். நகலின் கூடு கணவருடையது. உள்ளே ஓடுகிற மிஷினும் இருட்டில் ஒளிரும் முட்களும் அமலாவின் சொந்தக் கைக்கடிகாரத்திலிருந்து எடுத்தவை. அவருடைய இடது மணிக்கட்டில் வார் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"பாருங்கண்ணா" என்று தேவராஜ் ஃபிளானல் துணியைப் பிரித்தார்.

இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது காய்ந்த புளியம்பழ ஓட்டின் நிறம். நகலோ கல்யாணத்துக்குத் தேய்த்த குத்துவிளக்கு. வார் மாட்டும் கொம்புகளில் என்னுடையதில் குறுக்காக அரம் ஓடிய கோடுகள் தெரிந்தன. நகலில் ஒரு கோடு கூட இல்லை. என்னுடையதன் முதுகில் ஏதோ வெளிநாட்டு எழுத்துகள் பாதி தேய்ந்து கிடந்தன. நகலின் முதுகு வெறுமையாக இருந்தது.

"எழுத்த விட்டுட்டீங்களே?"

"செஞ்சது நான். இன்னொருத்தன் பேர அதுல வெட்டுனா பொய்யாய்டும்ண்ணா. அளவு மட்டும் தான் எடுத்தேன்."

அந்தப் பதிலிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் பிடித்துப் போவதற்கா முதலாளி அனுப்பினார்? விரலைத் தண்ணீரில் நனைத்து, அதன்மேல் கொஞ்சம் மிஷின் எண்ணெயும் தடவிக்கொண்டு மேல்வளையத்தைத் திருப்பினேன். நிமிடத்தைக் குறித்துக்கொள்ள நாங்கள் திருப்பும் வளையம் அது. என்னுடையது விரலைக் கவ்வியது. நகலில் விளிம்புப் பற்களை அவர் வழவழவென்று மழுக்கியிருந்ததால் விரல் வழுக்கியது.

"அழகா இருக்கு. ஆனா வழுக்குது" என்றேன்.

அவர் அரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "அது பத்து நிமிட்டு வேல."

அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது. வளையத்தில் மூன்றாம் பல்லுக்கும் நான்காம் பல்லுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம். என்னுடையதில் இருப்பது போலவே, அதே ஆழத்தில்.

"இது எதுக்கு?"

"உங்களுதுல கீதே. கட்டைவிரல் வெக்கிற எடம்னு நெனச்சேன்."

"தேவராஜ், அது நான் ஒரு கப்பல் சுக்கான்ல இடிச்சுக்கிட்டது."

அமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தேவராஜும் கடைசியில் சிரித்துவிட்டார். பள்ளத்தை நிரப்பிவிடலாமா என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. கலங்கல் தண்ணீரில் வளையம் எங்கே நிற்கிறது என்று இத்தனை வருடமாக அதை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறேன் என்பது அதுவரை எனக்கே தெரியாது.

"இருக்கட்டும். அஞ்சுலயும் போடுங்க" என்றேன்.

மூன்றரை மணிக்குச் சோதனை தொடங்கியது. பாய்லர் சோதிக்கும் கைப்பம்பு ஒன்றைத் தேவராஜ் இரவல் வாங்கி வைத்திருந்தார். ஒரு முனை அடைத்த கனத்த குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு கடிகாரங்களையும் உள்ளே இறக்கி, மூடியை முடுக்கி, தொண்ணூறு பவுண்டுக்கு அழுத்தினார். கடலில் இது இருநூறு அடி ஆழத்துக்குச் சமம். அரை மணி நேரம் காத்திருந்தோம்.

"எங்கப்பா சுரங்கத்துல ஒம்போதாயிரம் அடி கீழ போனவருண்ணா. போகப் போகச் சூடுன்னுவாரு. உங்களுக்கு எப்பிடி?" என்று தேவராஜ் கேட்டார்.

"எங்களுக்குக் குளிரு. இருட்டு மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

"அவுங்களுக்கு மணி அடிச்சா கூண்டு மேல ஏறும். உங்களுக்கு யாரு அடிப்பாங்க?"

குழாயைக் காட்டினேன். "உள்ள கிடக்குல்ல, அதுதான்."

அவர் குனிந்து பம்பின் அழுத்தமுள்ளை இன்னொரு முறை பார்த்தார்.

மூடியைத் திறந்ததும் அமலா இரண்டையும் துடைத்து, சூடான தட்டின் மேல் சற்று நேரம் வைத்தார். பிறகு ஒவ்வொரு கண்ணாடியின் மேலும் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டார். உள்ளே ஈரம் புகுந்திருந்தால் அந்தச் சொட்டுக்கு அடியில் ஆவி படியும். என்னுடையது தெளிவாக இருந்தது. நகலில் மிளகளவுக்கு ஒரு வெண்மை தெரிந்தது.

முதலில் சொன்னவர் அமலாதான். "தண்ணி எறங்கிடுச்சிங்க." சொல்லும்போதே பின்மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். துரு ஏறும் முன் தன் மிஷினைக் காப்பாற்ற வேண்டுமே. மூன்று நிமிடத்தில் அது வெளியே வந்து, ஒரு கிண்ணத்தில் பெட்ரோலில் கிடந்தது.

நான் என்னுடையதன் பின்மூடியையும் திறக்கச் சொன்னேன். ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் விரல்நகத்தை ஓட்டினேன். வழுவழுவென்று போயிற்று. நகலில் ஓட்டினேன். நகம் தட்டித் தட்டிப் போயிற்று. கடைசல் உளி அதிர்ந்த தடங்கள். கண்ணுக்குத் தெரியாது, கலங்கல் தண்ணீரில் விரலையே கண்ணாக வைத்துப் பிழைக்கிற எனக்குத் தெரிந்தது.

"இத செஞ்சவன் வெளிய அரம் ஓடுன கோட்ட அப்படியே விட்டுட்டான். உள்ள கண்ணாடி மாதிரி வெச்சிருக்கான். நீங்க மாத்திச் செஞ்சிருக்கீங்க" என்றேன்.

தேவராஜ் தன் நகத்தை இரண்டிலும் மாறி மாறி ஓட்டிப் பார்த்தார். காது சிவந்திருந்தது. "வாளித் தண்ணியில ரெண்டு நாள் போட்டேன். ஒண்ணும் ஆவல" என்றவர், சற்றுப் பொறுத்து, "அத நம்பி உங்களக் கீழ அனுப்பி இருப்பேன்" என்றார். நான் கடிகாரத்தைக் குறை சொன்னதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. தான் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை உலுக்கியது.

அன்றிரவு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் இரண்டரை ரூபாய்க்கு அறை எடுத்துத் தூங்கினேன். கம்பளி இல்லாமல் தூங்க முடியாத ஊர்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே லேத்துச் சத்தம் சந்து முனை வரை கேட்டது. தேவராஜ் புதிய உளி தீட்டி, பள்ளத்தை மயிரிழை ஆழமாக்கி, மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். மரியன்னை கோயில் பூசை முடிந்து முக்காடோடு வந்த அமலா, காய வைத்த மிஷினை மறுபடி பூட்டினார். மேலே வழவழப்பாக்கியதையெல்லாம் தேவராஜ் அரத்தால் தானே சொரசொரப்பாக்கியிருந்தார். இப்போது அது குத்துவிளக்காகத் தெரியவில்லை. வேலைக்குப் போகும் சாமானாகத் தெரிந்தது.

பத்தரைக்கு மறுபடி தொண்ணூறு பவுண்டு. இந்த முறை ஒரு மணி நேரம் வைக்கச் சொன்னேன். எடுத்துச் சூடாக்கி, சொட்டு விட்டு, மூவரும் குனிந்து பார்த்தோம். வெண்மை இல்லை. அமலா இன்னொரு சொட்டு விட்டார். அதற்கும் இல்லை.

"நாலு செய்யுங்க" என்றேன். "மாதிரிக்கு என்னோடத வெச்சுக்கங்க. இத நான் கட்டிட்டுப் போறேன்."

தேவராஜ் மனைவியைப் பார்த்தார். மிஷின் அவருடையதல்லவா.

"எடுத்துனு போங்கண்ணா. கீழ போய்ட்டு மேல வந்த அன்னிக்கே ஒரு கார்டு போடுங்க. அதுவரைக்கும் இவருக்குச் சோறு எறங்காது" என்றார் அமலா.

மறுநாள் பகல் வண்டியில் திரும்பினேன். இறக்கத்தில் காது திறந்துகொண்டது. காட்பாடி தாண்டியதும் சட்டை முதுகில் ஒட்ட ஆரம்பித்தது. பெங்களூரில் கடல் இல்லை. சிவாஜிநகர் மீன்கடையில் வரும் மீன்கூட ரயிலில் வருவதுதான். அலையைப் பார்த்திராத இரண்டு பேர் செய்த ஒன்றைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. விரல்நகத்தால் பார்த்தாயிற்று, அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை காலை துறைமுகத்துக்கு வெளியே, எண்பத்தெட்டு அடியில், ஒரு விசைப்படகின் நங்கூரச் சங்கிலிக்காக இறங்கினேன். அடியில் சேறு கிளம்பி ஒன்றும் தெரியவில்லை. சங்கிலியின் வளையம் கைக்கு வந்தது, கொக்கி மட்டும் மாட்டவில்லை. இன்னும் கொஞ்சம் முயன்றால் முடிந்துவிடும் என்று தோன்றியது. கீழே எப்போதும் அப்படித்தான் தோன்றும். கடிகாரத்தை முகத்துக்கு நேரே கொண்டுவந்தேன். பச்சையாக ஒளிர்ந்த முள் பதினெட்டு நிமிடம் ஆகிவிட்டதென்றது.

சங்கிலியை விட்டுவிட்டு மேலே வந்தேன்.