கறுப்பு வண்டியை ஸ்டார்ட் பண்ணத் தெரிந்தவர்

சூசை அண்ணன் போய்விட்டார். நேற்று காலையில் நெஞ்சு வலி என்றாராம்... ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் போய்விட்டு, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு இதை டைப் செய்கிறேன். திருச்சி பஸ் இரண்டு போய்விட்டது. ஏறத் தோன்றவில்லை. ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த கார் ஷோரூமைத் தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். முதலாளி குடும்பத்துக்கு நாலு ஊரில் ஷோரூம். புதுக்கோட்டை ஷோரூமுக்குப் பின்னால் ஒரு பெரிய ஷெட். அதில் பெரிய முதலாளி ஆசை ஆசையாகச் சேர்த்த பதினொரு பழைய கார்கள்.

அந்தப் பதினொன்றுக்கும் மெக்கானிக், டிரைவர், காவல் எல்லாம் அண்ணன் ஒருத்தர்தான்.

நான் முன்னால் ஏசியில் உட்கார்ந்து புது வண்டி டெலிவரி பார்ப்பேன். எந்தப் புது மாடல் வந்தாலும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இது வண்டியாத்தா? செல்போனுக்கு நாலு சக்கரம் மாட்டி விட்ருக்காய்ங்க" என்பார். கஸ்டமர் காதில் விழுந்துவிடுமோ என்று எனக்குத்தான் பதறும்.

ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் ராஜ்ஜியமே அவருடையது. புது வண்டிகளைப் பின்னால் ஒதுக்கிவிட்டுப் பதினொன்றையும் வாசலில் வரிசையாக நிறுத்துவார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பதும் அவரேதான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வைப்பார்... ஐயர் உட்பட யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

என் கல்யாணத்துக்கு முதலாளி அந்தப் பதினொன்றில் இருந்த கறுப்பு வண்டியைக் கொடுத்தனுப்பினார். ஓட்டியது அண்ணன்.

கீழ ராஜ வீதியில் போட்டோவுக்காக நிறுத்தினோம். அவ்வளவுதான், திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் டவுன் பஸ் ஹாரன் மேல் ஹாரன். நான் பட்டுப்புடவையில் வேர்த்து வழிகிறேன்.

அண்ணன் நிதானமாக இறங்கி, பானட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப்புக்கு அடியில் கையை விட்டார். அங்கே கையால் பெட்ரோல் ஏற்ற ஒரு சின்ன லீவர். ஏழெட்டுத் தடவை அமுக்கினார். வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது.

"என்னண்ணே பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லத்தா. கோவிச்சுக்கிட்டா தாடையப் புடிச்சுக் கெஞ்சணும்ல."

பெரிய முதலாளி காலமான பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. போன வருடம் நாலு ஷோரூமும் ஒரு பெரிய கம்பெனிக்குக் கைமாறியது. எங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். பழைய கார்களை ஒப்படைத்துவிட்டு வரச் சொல்லி என்னைத் திருச்சிக்குப் போட்டார்கள். பழைய கார்களை மட்டும் தனியாக, மலைமேல் ரிசார்ட் நடத்துகிற ஒருவர் வாங்கினார்.

"வண்டிகளப் பாத்துக்கிட்டவரையும் கூடவே அனுப்புவீங்களா?" என்று அந்த ரிசார்ட் மேனேஜர் என்னிடம் கேட்டார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மலையில் குளிருமாம்... அந்த வாரமே ஸ்வெட்டர் வாங்கிவிட்டார். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஷெட்டில் நின்று காட்டினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

அவருடைய கைப்பக்குவம் அவர்களுக்கும் தெரியட்டும் என்று, ஒவ்வொரு வண்டியையும் அவர் ஸ்டார்ட் செய்வதை என் போனில் வீடியோ எடுத்து அனுப்பினேன். பதினொரு வீடியோ. யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

நாலே நாளில் பதில் வந்தது. "வீடியோ ரொம்பத் தெளிவா இருக்கு மேடம். எங்க டிரைவரே பாத்து ஓட்டிக்குவாரு. அவரு வர வேண்டியதில்ல."

அதை அண்ணனிடம் சொன்னதும் நான்தான். "சரித்தா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் திரும்பவும் அதே மேனேஜர் போனில் கூப்பிட்டார். கறுப்பு வண்டி மட்டும் கிளம்பவே இல்லையாம். வீடியோவில் இருக்கிற மாதிரியேதான் செய்கிறார்களாம். அவரை ஒரு நடை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

எனக்கு அன்றைக்கு மூன்று டெலிவரி. ஒரு குடும்பமே மாலையோடு நிற்கிறது. அவசரமாக அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். லீவரை அமுக்குவது அதில் இல்லை. நான் எடுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அமுக்கிவிட்டு பானட்டை மூடியிருக்கிறார். சொல்ல மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"பானட்டத் தொறந்து, பெட்ரோல் பம்ப்புக்கு அடியில பாருங்க. சின்ன லீவர் இருக்கும். ஏழெட்டுத் தடவ அமுக்குங்க."

பத்து நிமிடத்தில் மெசேஜ். "ஸ்டார்ட் ஆயிருச்சு. தேங்க்ஸ் மேடம்." ஒரு தம்ஸ்-அப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அண்ணனிடம் இதைச் சொல்லவே இல்லை.

இன்று அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"செல்போன எங்கிட்டும் வைக்க மாட்டாருத்தா. குளிக்கப் போனாக்கூட என் கையில குடுத்துட்டுத்தான் போவாரு. 'வீடியோவுல ஒண்ண மட்டும் காட்டாம விட்டுட்டேன், கறுப்பு வண்டி நானில்லாம கெளம்பாது, எப்படியும் கூப்புடுவாய்ங்க'ன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு. கடைசி வரைக்கும் ஒருத்தரும் கூப்புடலயேத்தா..."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு பாதித் தெரு நடந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போய் மாற்றும்போதும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அண்ணி பேஸ்புக்கில் இல்லை. மகள் இருக்கிறாள். இதைப் படித்துக் காட்டுவாள். காட்டட்டும்.

அண்ணே... அவங்க கூப்பிட்டாங்கண்ணே. உங்களத் தேடித்தான் கூப்பிட்டாங்க.

நாந்தான் சொல்லிக் குடுத்துட்டேன்.

போயிட்டு வாங்கண்ணே.