சோபாவுக்குள் இருந்த ஆள்

சோபாக்காரன் தாய்மாமனை உரித்து வைத்துப் பிறந்தவன். அதே ஒடிசலான உடம்பு, அதே நீள விரல்கள். மாமனும் நாற்காலிக்கு மெத்தை தைத்தே பிழைத்தவர். அக்காவோ அம்மாவின் அச்சு. தங்கள் முகத்தில் அப்பாவின் சாயல் கொஞ்சமும் இல்லாததில் பிள்ளைகள் இருவருக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். லாரி ஷெட்டில் வேலை பார்த்த அந்த மனுஷன் வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் வந்ததுமே அக்கா அடுப்பைத் தணித்துவிடுவாள். "எங்க போன, யார்கிட்ட பேசின" என்று அம்மாவிடம் அவர் ஆரம்பிக்கும் நேரத்தில் பால் பொங்கி, அது வேறு ஒரு சாக்காகிவிடக் கூடாதே என்றுதான். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

தம்பியை அதிர்ந்து பேசாதவன் என்றுதான் கடைப்பக்கம் சொல்வார்கள். அவனுக்கு இருந்த ஒரே நோய் பொறாமை.

அவன் மனைவிக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. வருகிறவர்கள் முகத்துக்கு ஃபிரேமைப் பொருத்தி, காதோரம் விரல் வைத்துச் சரிசெய்து அனுப்ப வேண்டும். கல்யாணமான புதிதில் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன், பிறகு அந்த விரலை நினைத்து நினைத்து வெந்தான். லென்ஸ் தேய்க்க ஒரு நெட்டையன் அந்தக் கடையில் சேர்ந்தான். வீட்டில் இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று. அவள் போனை எடுத்து நோண்டினான். அவள் பூட்டை மாற்றினாள். மகள் பிறந்த தேதியைப் போட்டுத் திறந்தான். மறுபடி மாற்றினாள். கடைசியில் விவாகரத்துக்கு மனுவே போட்டுவிட்டாள்.

அவன் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுப் பின்னறைக்குக் குடிபோனான். வழக்கில் தீராமல் நின்றது மகள் யாரிடம் என்பதுதான். அதுவரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அழைத்துப் போய் ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடலாம் என்று ஏற்பாடு. அது அவனுக்குப் போதவில்லை. மகள் முழுசாக வேண்டும். மகள் கிடைக்க வேண்டுமானால், நெட்டையன் கையும் களவுமாகக் கிடைக்க வேண்டும்.

மனைவி வீட்டுக் கூடத்து சோபா அவன் கையால் செய்தது. உட்கார்ந்தால் அமுங்குகிறது என்று மகள் சொல்ல, "கடைக்கு அனுப்புங்க, சும்மாவே சரி பண்ணித் தர்றேன்" என்றான். புது ஸ்பாஞ்ச் போட்டான். கைப்பிடிக்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரெக்கார்டரையும் வைத்துத் தைத்தான். யாராவது பேசினால் அது தானாக விழித்துக்கொள்ளும். கைப்பிடியின் அடியில் விரல் நுழைய ஒரு வாய். அதை மூட ஒரு மடிப்பு. சனிக்கிழமைகளில் மகள் ஷூ மாட்டுகிற நேரத்துக்குள், உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்துவிடுவான்.

"சோபா நல்லா இருக்கு, இப்ப முதுகு வலிக்கல" என்று ஒரு சனிக்கிழமை மனைவியே வாய்விட்டுச் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது. நெட்டையன் ஞாபகம் வந்ததும் அது மறைந்துவிட்டது.

முதலில் டிவியும் மகளின் வாய்ப்பாடும்தான் கிடைத்தன. பிறகு ஒரு நாள், ஓர் ஆணின் குரல்.

ஸ்பாஞ்சும் துணியும் சொற்களைத் தின்றுவிட்டு அதட்டலை மட்டும் மிச்சம் வைத்திருந்தன. அந்த ஆள் அதட்டினான், நிறுத்தினான். டொக் டொக்கென்று எதையோ தட்டும் சத்தம். மறுபடி அதே அதட்டல், அதே ஏற்ற இறக்கத்தில். இடையில் "எங்க போன" என்பது மட்டும் காதில் விழுந்தது. அவள் வாயே திறக்கவில்லை.

அதுதான் அவனைக் கொன்றது. நான் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிறவள், இவனுக்கு மட்டும் பொட்டிப்பாம்பாக அடங்கிக் கிடக்கிறாளே. எங்கே போனாய் என்று கேட்க இவன் யார்? அவள்மேல் சந்தேகப்பட இவனுக்கு என்ன உரிமை? அந்த உரிமையைக் கூட ஒருத்தன் தட்டிப் பறித்துவிட்டானே என்று வயிறெரிந்தான்.

ரெக்கார்டரோடு தன் வக்கீலம்மாவிடம் ஓடினான். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"நீங்க பேசுறதை நீங்களே பதிவு பண்ணினா அது வேற. நீங்க இல்லாத இடத்துல, அடுத்தவங்க பேச்சை ஒளிஞ்சிருந்து பதிவு பண்றது குத்தம். பையில வைங்க முதல்ல."

"ஆள் இருக்கான் மேடம். குரலே இருக்கு."

"இருக்கட்டும். சோபாவையா கூண்டுல ஏத்தச் சொல்றீங்க? ஏத்தினா, தச்சவர் யாருன்னுதான் முதல் கேள்வி வரும்."

கோர்ட்டுக்கு ஆகாவிட்டாலும் தனக்குத் தெரிந்தாக வேண்டும். வீட்டுக்கு வந்து அக்காவின் பெரிய ஸ்பீக்கரில் மாட்டி முழுச் சத்தத்தில் வைத்தான். அக்கா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். குரல் எழுந்ததும் அவள் கை தானாகப் போய் அடுப்பைத் தணித்தது.

"இதை எதுக்குடா இப்பப் போட்ட?" என்று வந்து நின்றாள்.

"எதை?"

"அப்பாவை. அவர் குரலை யாருடா பதிஞ்சு வச்சிருந்தா?"

அவன் சிரித்தான். "இது அவ வீட்டுக்கு வர்ற ஆளு, அக்கா."

"போடா. இந்தத் தொண்டை எனக்குத் தெரியாதா?"

பெரிய ஸ்பீக்கரில் சொற்கள் கொஞ்சம் தெளிந்தன. "எங்க போன? யார்கிட்ட பேசின? அந்த நெட்டையன்கிட்டயா?" என்றது குரல்.

அப்பாவுக்கு நெட்டையனைத் தெரியாது. நெட்டையன் வேலைக்குச் சேருமுன்பே செத்துப்போனவர். அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளிடம் அவனே போட்ட அந்தச் சண்டை இப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் அதைப் போனில் பதிவு பண்ணியிருக்கிறாள். அதைத் தன் வக்கீலுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாய் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, லேப்டாப்பில் தட்டி எழுதிக்கொண்டிருக்கிறாள், அவன் செய்த சோபாவிலேயே உட்கார்ந்து. அதுதான் அந்த டொக் டொக்.

தன் வாயிலிருந்து வருகிறபோது அவன் காதுக்கு அது வேறு குரலாகத்தான் இருந்தது. ஆள் ஒருத்தன் உண்மையிலேயே இருந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

"டீ ஆறுது" என்றாள் அக்கா.

சனிக்கிழமை போனவன் சோபாவில் உட்காரவில்லை. கத்தரி கேட்டு வாங்கி, மண்டியிட்டு, அவள் பார்க்கவே மடிப்பைப் பிரித்து ரெக்கார்டரை வெளியே எடுத்தான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"சோபா சரியாகித் திரும்பி வந்ததுலேர்ந்து."

"இங்கதான் பாப்பாவைத் தூங்கவைப்பேன். எங்கம்மாகிட்ட போன்ல அழுவேன். எல்லாம் கேட்டாச்சா?"

"கேட்டேன்."

"வக்கீல்கிட்ட குடுத்துடுவேன்."

"குடு."

அவள் நீட்டிய உள்ளங்கையில் வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். வாய் அடங்கவில்லை. "நெட்டையன் எப்பவாவது இங்க வந்தானா? அதை மட்டும் சொல்லு."

அவள் ரெக்கார்டரைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "இன்னுமா?" என்றாள்.

கோர்ட்டில் அவன் எதையும் மறுக்கவில்லை. இப்படியொரு கட்சிக்காரரை நான் கண்டதில்லை என்று வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். மகள் அம்மாவிடமே என்று தீர்ப்பானது. அவனுக்கு ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை. அதுவும் அக்கா வீட்டில், அக்கா கூட இருக்கும்போது.

அப்படி வருகிற சாயங்காலங்களில் மகள் அத்தையின் போனில் ஸ்பீக்கர் போட்டு அம்மாவோடு பேசுவாள். ஒரு நாள் அங்கே அம்மா எதற்கோ சிரிக்க, இவளும் சிரித்தாள். சிரிப்புக்குப் பின்னால் இன்னொரு குரல் இருப்பது போலப்பட்டது. பின்னறையில் இருந்தவனுக்குக் காது தானாகக் கூர்ந்தது. எழுந்து கதவு வரை போய்விட்டான். தாழ்ப்பாளில் கை வைத்தவன், திரும்பி வந்து உட்கார்ந்து மெஷினைக் கடகடவென்று ஓடவிட்டான். ஊசிக்கடியில் துணியே இல்லை. போன் பேச்சு முடிந்து, மகள் வந்து கதவைத் தட்டும் வரை ஓட்டிக்கொண்டே இருந்தான்.