கண்டக்டர் விழவில்லை

ஓடுகிற பேருந்தில் முப்பத்து நாலு வருஷம் கம்பியைத் தொடாமல் நின்றவர், அசையாத படுக்கையறையில் விழுந்தார். விழுந்ததுகூடப் பெரிதில்லை. விழவே இல்லை என்று வீட்டை நம்பவைத்தார் பாருங்கள், அதுதான் வித்தை.

வேலையில் இருந்தபோதே கண்டக்டருக்கு அதில் நல்ல தேர்ச்சி. திடீர் பிரேக்கில் யாராவது வயசானவர் உருண்டுவிட்டால் தூக்கி நிறுத்தி, சட்டையைத் தட்டிவிட்டு, "ஒண்ணும் ஆகலையே பெரியவரே? ஆகல. ரைட், போகலாம்!" என்று கேள்வியையும் பதிலையும் தானே சொல்லி விசிலடிப்பார். முட்டி பெயர்ந்தவர்கூட வெட்கத்தில் தலையாட்டுவார். வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரும். இந்தக் கதைகளை அவர் மனைவி சிரிக்கச் சிரிக்கக் கேட்டிருக்கிறாள்.

எழுபத்தொன்றாம் வயதில் குளியலறையில் சறுக்கி அவருடைய மணிக்கட்டு முறிந்தது. கீழ் வீட்டில் இருக்கும் மகன் மாடியேறி வந்து தீர்ப்புச் சொன்னான்: "இன்னொரு தடவை விழுந்தா மாடி காலி. கீழ பின்னறைக்கு வந்துடணும். தனியா வெளிய போற பேச்சே கிடையாது." பின்னறை என்பது சாமான் போடுகிற இடம், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். மகன் அக்கறையில்தான் சொன்னான். மனிதர்களைப் பூட்டி வைப்பது எப்போதும் அக்கறைதானே. கையோடு குளியலறையில் ஒரு கைப்பிடியும் மாட்டிக் கொடுத்தான். கண்டக்டர் அதில் துண்டு காயப்போட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலை ஒன்பது மணிக்கு, நின்றபடியே பேண்ட் மாட்டினார். கட்டிலில் உட்கார்ந்து மாட்டுவது நோயாளிகள் வேலை என்பது அவர் கட்சி. ஒரு கால் உள்ளே போனது. மறு கால் துணியில் சிக்கியது. அலமாரி விளிம்பில் பின்மண்டை மோதிய சத்தம் அடுப்படி வரை கேட்டது.

மனைவி ஓடிவந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரத்தம் வரல. எதுக்கு இப்படி முழிக்கிற?"

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடற ஆளு நீங்க. டாக்டர்கிட்ட போயிடலாம்."

"போகலாமே. அப்படியே நேரா பின்னறைக்கும் போயிடலாம். உன் வாயாலயே உன் புள்ளைகிட்ட சொல்லிடு."

அவள் சொல்லவில்லை. தினமும் காலையில் ஏதோ ஒரு பஸ் ஏறி ஊரைச் சுற்றிவிட்டு வருகிற மனுஷன். அதை நிறுத்தினால் ஒரு மாதம் தாங்கமாட்டார்.

முதல் வாரம் ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. இரண்டாம் வாரம் பகலில் தூங்க ஆரம்பித்தார். தலைவலிக்கு வெயில்மேல் பழி போட்டார். படியிறங்கும்போது இடது செருப்பு கழன்று பின்தங்கிவிடும்; அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். பதினெட்டாம் நாள், டீ கிளாஸை மேஜைக்கு ஒரு சாண் தள்ளி, வெறுங்காற்றில் வைத்தார். உடைந்து கிடந்ததைப் பார்த்து, "யாரு இதை இங்க வச்சது?" என்றார். அவள் பெருக்கி அள்ளினாள்.

இருபத்தோராம் நாள் காலையில் எழுப்ப எழுப்ப அரைக்கண்தான் திறந்தது. மகன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"சமீபத்துல எங்கயாவது விழுந்தாரா?" டார்ச்சைக் கண்ணில் அடித்தபடி கேட்டார் அங்கிருந்த பெண் டாக்டர்.

"அப்பாவா? ஓடற பஸ்ல கம்பி பிடிக்காம நின்னவரு டாக்டர்! ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தடவை பாத்ரூம்ல சறுக்கினாரு, அவ்வளவுதான்."

"விழல," என்றார் கண்டக்டர், குழறலாக.

"சரி, முதல்ல சர்க்கரை, உப்பு பார்ப்போம். ஸ்கேனுக்கு இன்னிக்கு பெரிய வரிசை. நாளைக்கு எடுத்துக்கலாம்." டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

அவள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டாவது வரிக்கு வந்தது.

"விழுந்தாரு," என்றாள். "இன்னியோட இருபத்தோரு நாள். பின்மண்டையில அடி."

வரிசையை முந்திக்கொண்டு ஸ்கேன் நடந்தது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் மூன்று வாரமாக ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. உடனே துளை போட்டு எடுக்கவேண்டும். "அன்னிக்கே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூடத் தேவலை.

ஆபரேஷன் அறைக் கதவு சாத்தியதும் மகன் திரும்பினான். "ஏம்மா மறைச்ச?"

"சொன்னா என்ன செய்வேன்னு நீதான் முன்னாடியே சொல்லிட்டியேப்பா."

அவன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தான். "திரும்பி வந்தா அவருக்கு பின்னறைதான்மா. இனி நான் விடமாட்டேன். நீயாவது நல்லா நடமாடறே, அது ஒண்ணுதான் நிம்மதி."

அட்மிஷன் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்த அதே பெண் டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்த வார்டுல எட்டு பேரும்மா. அஞ்சு பேர் வீட்டுக்குள்ளயே விழுந்தவங்க. ஒருத்தர்கூட முதல்ல ஒத்துக்கல. நீங்களாவது சொன்னீங்களே." பிறகு ஏதோ தோன்றி, "ஆமா, நீங்க எப்படி? நீங்க எங்கயாவது விழுந்தீங்களா?" என்றார்.

மகன் நிமிர்ந்து பார்த்தான்.

"நானா? இல்லையே," என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை, மாடிப்படியில். மூச்சை இழுக்கும்போது விலாவில் இன்னும் குத்துகிறது.