குட்டி தின்ற முயல்

எங்கள் மாமாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் அது தீரும் வரை வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இருக்காது. முதலில் கோழி வளர்த்தார். கீரிப்பிள்ளை கொழுத்ததுதான் மிச்சம். பிறகு புறா வளர்த்தார். அவை பக்கத்துத் தெருப் புறாக்களோடு போய்ச் சேர்ந்துகொண்டன. மூன்றாவதாக முயல் வந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. நைனா பிழைப்புக்காக ரங்கூன் போயிருந்ததால், அம்மாவும் நானும் ராயபுரத்தில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா அம்மாவுக்குத் தம்பி, துறைமுகத்தில் வேலை. அத்தைக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அத்தையின் மடிக்குப் போட்டியே கிடையாது.

முயல்களைக் கொடுத்தவர் மாமாவின் தோஸ்து. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு கார்டு துரை வீட்டில் சமையல்காரர். துரைக்கு அரக்கோணத்துக்கு மாற்றலானபோது, துரைசாணி வளர்த்த முயல்களில் இரண்டைக் கூடையில் போட்டு எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

"மாசத்துக்கு ஒரு தபா குட்டி போடும் மச்சான். தபாவுக்கு ஏயு, எட்டு. தொர வூட்ல ஞாயித்துக்கெயம ஆனா முயல் கறிதான்" என்று சொன்னார்.

மாமாவுக்கு அது போதும். அன்று மாலைக்குள் எங்கள் சந்தில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொடைக்கறி வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மண்ணெண்ணெய் டின்கள் வந்த மரப்பெட்டிகள் இரண்டை ஒன்றாக அடித்து, முன்பக்கம் பழைய மீன்வலையைக் கட்டினார். காலையில் பார்த்தால் வலையில் பாதியைக் காணவில்லை. முயல்கள் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன. அதற்கு மேல்தான் கம்பி வலை வந்தது.

நான் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. வெயில் பட்டால் காதுக்குள் சிவப்பு நரம்பு ஓடுவது தெரிந்தது. மூக்கு ஒரு நிமிஷமாவது ஆடாமல் இருக்குமா என்று பார்த்துத் தோற்றேன். அவை தங்கள் புழுக்கையைத் தாங்களே எடுத்துத் தின்றதைக் கண்டுபிடித்து, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அறிவித்தேன். அம்மா என்னைத் தட்டோடு வாசலுக்கு அனுப்பினாள். பால் போல் வெள்ளையாக வந்த முயல்கள், துறைமுகத்துக் கரித்தூள் படிந்து ஒரே வாரத்தில் சாம்பல் நிறமானதும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பெரியது கடா, சின்னது பொட்டை என்று மாமா தீர்ப்புச் சொல்லியிருந்தார். பெரியது சின்னதின் மேல் ஏறியதை அவரே கண்ணால் பார்த்திருந்தார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அந்தச் சமயம் பார்த்து அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள். கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்லத்தான் மறந்துபோனாள்.

இருபது நாள் கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் சின்னது தன் மார்பு மயிரைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது. வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு போய் மூலையில் குவித்து, அதன்மேல் மயிரைப் பரப்பி மெத்தை போட்டது. பஞ்சு அடிப்பவன்கூட அவ்வளவு பக்குவமாகச் செய்யமாட்டான். மாசம் நிறையவில்லையே என்று அம்மா இழுத்தாள். மாமா விடவில்லை. "பட்ணத்து முயல் அக்கா, அதுக்கு எல்லாம் சுருக்கா நடக்கும்" என்றார்.

உடனே எங்கள் வீடு பிள்ளை பெற்ற வீடாகிவிட்டது. பெரிய முயலை வேறு பெட்டிக்கு மாற்றினார்கள். பெட்டியின் மேல் கோணிப்பையைத் தொங்கவிட்டு, வேப்பிலை செருகினாள் அம்மா. ஏழு நாளைக்கு ஒருத்தர் கண்ணும் படக்கூடாது. மனிதக் கை வாசனை பட்டால் தாய் குட்டியைத் தின்றுவிடும் என்று எதிர்வீட்டம்மாள் வந்து சட்டம் போட்டுவிட்டுப் போனாள். கோஸ் இலையைக்கூட அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கோணிக்கடியில் தள்ளினாள். சந்துப் பெண்கள் வந்து வெறும் கோணிப்பையைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினார்கள்.

எனக்கு இரண்டு நாள் பொறுக்க முடிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் கண்ணயர்ந்திருந்தபோது, கோணிக்குள் கையை விட்டேன். மயிர் மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது. அடிவரைக்கும் துழாவினேன். வேறொன்றும் தட்டுப்படவில்லை. குட்டிகள் அவ்வளவு சின்னதாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கையை எடுத்துவிட்டேன். அப்புறம் கையை மூன்று தரம் கழுவினேன்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா எல்லோர் முன்னாலும் கோணியை விலக்கினார். மயிர் இருந்தது, முயல் இருந்தது, குட்டி ஒன்றுகூட இல்லை. "துன்னுட்ச்சு! நா அப்பவே சொல்லல?" என்று எதிர்வீட்டம்மாள் வாயில் கை வைத்தாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். தின்றது முயல், தின்ன வைத்தது என் கை.

மாமாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தொடைக்கறி வாக்கெல்லாம் ஊர் முன்னால் கேலியாகிவிட்டதே! "பெத்த குட்டியையே துன்ற கய்தைய இன்னாத்துக்கு வளக்கணும்? இன்னிக்கே கொயம்பு வெச்சிட வேண்டியதுதான்" என்று கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டத் தொடங்கினார். கத்தி உரசும் சத்தத்தைக் கேட்டு நான் ஓவென்று அழுதுவிட்டேன். அழுகையோடு அழுகையாக, கையை விட்டதையும் சொல்லிவிட்டேன்.

அம்மா என்னை நோக்கி வருவதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். முயலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"கைய வுட்டியே, இன்னா தட்டுப்பட்ச்சு?"

"மயிருதான்."

"ஈரம், ரத்தம்? எதனா எலும்பு?"

"ஒண்ணுமே இல்ல அத்த."

அத்தை மாமாவைப் பார்த்தாள். "இது எதையும் துன்னல. துன்றதுக்கு அங்க இன்னா இருந்துச்சு? குட்டியே இல்ல."

"குட்டி இல்லாமதான் மயிரப் புடுங்கி மெத்த போட்டுச்சா? இன்னாமே பேசற நீ?"

"இருக்குதுன்னு நெனச்சிகினு இருந்துக்கும். அதும் ஒடம்பு அப்டி சொல்லிக்கும். அது இன்னா பண்ணும், பாவம்? யாரையும் ஏமாத்தணும்னா போட்டுது?"

எனக்கு அழுகை நின்றுவிட்டது. இது நான் கேட்டே இராத சேதி. வயிற்றில் ஒன்றும் இல்லாமலே இருப்பதாக ஒரு முயலுக்குத் தோன்றுமா? தோன்றினால் அது அத்தைக்கு எப்படித் தெரியும்? மனதில் வந்ததை அப்படியே கேட்டேன்.

"ஒனக்கு எப்டி அத்த தெரியும்? நீதான் கொயந்தயே பெக்கலியே?"

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. அம்மா அதற்கு முன்னும் பின்னும் என்னை அப்படி அடித்ததில்லை. எதிர்வீட்டம்மாள் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த ஞாபகம் வந்தவளாகக் கிளம்பிப் போனாள். மாமா கத்தியை மடித்துக் கூரையில் செருகிவிட்டு வெளியே இறங்கினார். விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார். அத்தை என் கன்னத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "கொயந்தய ஏன் அண்ணி அடிக்கறீங்க? அது கேட்டது நாயந்தானே" என்றாள்.

அடுத்த மாதம் அரக்கோணத்துச் சமையல்காரர் முயல் கறியை நம்பி வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, இரண்டு முயல்களையும் ஒவ்வொன்றாக மல்லாத்திப் பார்த்தார். "ரெண்டுமே பொட்ட மச்சான். பொட்ட மேலயே பொட்ட ஏறும். அப்பால வெறும் வவுத்துக்கே கூடு கட்டும். தொர வூட்ல எத்தினி தபா பாத்துக்கறேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் கூடச் சிரித்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகு ஒரு கடா வந்தது. சந்துக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேறியது. நானும் தின்றேன், பொய் சொல்லமாட்டேன். அத்தை கை முயல் வறுவல் மாதிரி இன்றுவரை நான் தின்றதில்லை. அந்தச் சின்ன முயலை மட்டும் மாமா அறுக்கவில்லை. அது கிழடாகித் தானாகச் செத்தது. ஏன் அறுக்கவில்லை என்று கேட்டதற்கு, கறி முற்றிவிட்டது என்றார்.

எனக்குக் கல்யாணமாகி, அத்தையும் போய்ச் சேர்ந்த பிறகு, அம்மா ஒரு நாள் வேறு ஏதோ பேச்சில் சொன்னாள். நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தைக்கு மாதக் குளிப்பு நின்று, மசக்கை வந்து, வயிறும் பெருத்ததாம். ஏழாம் மாதம் அந்தச் சந்துப் பெண்கள்தான் வந்து கை நிறைய வளையல் அடுக்கினார்களாம். பத்து மாதம் கடந்தும் வலி காணாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லை, இருந்ததும் இல்லை என்றாளாம். சந்து அதை நம்பவில்லை. மருந்து தின்று கரைத்துவிட்டாள் என்றே பேசியதாம். அத்தை பழம்புடவைகளை மடித்துத் தைத்து வைத்திருந்த மெத்தையில்தான் என்னைக் கிடத்தினார்களாம்.

அன்று வாங்கிய அறை, முயல்கூட்டில் கையை விட்டதற்கு என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.