கொலுவில் குடியேறிய நண்டு

மயிலாப்பூர் காமாக்ஷி மாமிக்கு எதையும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. தெருவை மறைத்துத் தகரம் அடித்திருந்தால் ஆணி ஓட்டையில் கண்ணை வைப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் மூடியிருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தபோதும் அப்படித்தான். கால் முறிந்தவரிடம், விழுந்த படிக்கட்டு என்ன கலர் என்பதுவரை விசாரித்த பிறகே ஃபைல் நகரும். ரிட்டயர் ஆன அன்று ஆபீசே அழுததாகச் சொல்வார்கள். பாதிப் பேர் சந்தோஷத்தில்.

இந்த வருஷ நவராத்திரிக்கு, கொலுப் படிகளுக்குக் கீழே வழக்கமான பார்க் வேண்டாம், பீச் வைக்கலாம் என்று மாமிக்குத் தோன்றியது. பெசன்ட் நகர் பீச்சில் மணலுக்கா பஞ்சம்? ஆனால் சுவாமி முன்னால் பரப்புகிற மணலில் செருப்புக் கால் பட்டிருக்கக் கூடாதே! ஊரே மிதிக்கும் கரையை விட்டு, அடையாறு கடலில் சேரும் பக்கமாக நடந்தாள். அங்கே மணல்மேடுகளைப் பாதுகாக்க வேலி போட்டு, 'உள்ளே நுழையாதீர்' என்று போர்டும் வைத்திருந்தார்கள். மாமிக்கு அது 'சுத்தமான மணல் இங்கே கிடைக்கும்' என்று எழுதியிருந்த மாதிரி இருந்தது. வேலிக்கு அடியில் கையை விட்டு இரண்டு மஞ்சப்பை நிறைய அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

கொலு வைத்த மறுநாள் காலை, சுண்டல்காரர் பொம்மை இடுப்புவரை மணலில் புதைந்திருந்தது. அதற்கு மறுநாள் போலீஸ்காரர் பொம்மை குப்புறக் கிடந்தது.

"நீ சரியா நிக்க வெச்சிருக்க மாட்டே," என்றார் கணவர் சுப்பராமன்.

"விழுந்தது இருக்கட்டும். பக்கத்துல ஓட்டை எப்படி வரும்?"

அன்று சாயங்காலம் கொலுவுக்குப் பாட வந்த ஸ்ரீரஞ்சனி, பல்லவி முடிவதற்குள் வீல் என்று கத்திக்கொண்டு சோபாவில் ஏறி நின்றாள். பாட்டு மேல்ஸ்தாயிக்குப் போய்விட்டது என்று நினைத்து எல்லாரும் தலையாட்டினார்கள். மாமி மட்டும் தரையில் குனிந்தாள். ஓட்டைக்குள்ளிருந்து இரண்டு கண்கள், குச்சி நுனியில் மிளகு ஒட்டிய மாதிரி, அவளை எட்டிப் பார்த்தன. மணல் நிறத்தில் ஒரு நண்டு.

அதற்குப் பிறகு மாமிக்கு விருந்தாளிகள் கண்ணிலேயே படவில்லை. மணலில் தண்ணீர் தெளித்தாள். சுண்டல் வைத்துப் பார்த்தாள். அது சீண்டவில்லை. ஒரு மத்தியானம் நண்டு வெளியே கிடந்தது. விரலை நீட்டினாலும் ஓடவில்லை. கண்கள் மடிந்திருந்தன.

"இதைக் கடற்கரையில விட்டுட்டு வந்துடறேன்."

"கொலு வெச்சா விஜயதசமி வரைக்கும் எதையும் எடுக்கப்படாது," என்றார் சுப்பராமன். "நம்மாத்து வழக்கம்."

"பொம்மையை எடுக்கப்படாது. இது பொம்மையா? தானா வந்த விருந்தாளி."

"தானா எங்க வந்தது? நீன்னா மூட்டை கட்டிண்டு வந்தே."

மாமிக்குச் சுருக்கென்றது. தூக்குவாளியில் ஈர மணலைப் போட்டு நண்டை அதில் வைத்தாள். ஆட்டோ பிடித்தாள்.

ஆட்டோ நின்ற இடத்திலிருந்து மணலில் நடை. பாதையெல்லாம் அடும்புக் கொடி ஊதாப் பூவாகப் பூத்துக் கிடந்தது. ராவணன் மீசைப் புல்லின் முள்ளுப் பந்து ஒன்று காற்றில் உருண்டு போனது. இது எங்கேதான் போய் நிற்கும்? நாலடி அதன் பின்னால் ஓடிய பிறகுதான் கையில் வாளி இருப்பது நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

வேலியருகே காவலுக்கு நின்ற ஜவஹர் குறுக்கே வந்தான். "யம்மா, வாளில இன்னா கீது? பரிகாரம்லாம் இங்க பண்ணக் கூடாது. நேத்துகூட ஒர்த்தர் பூசணிக்கா தூக்கினு வந்தாரு."

"பரிகாரம்தான்பா." மாமி மூடியைத் திறந்தாள். "உள்ளேர்ந்து மணல் எடுத்தேன். இதுவும் கூட வந்துடுத்து."

"மண்ண நோண்டினது நீதானா? அந்தக் கறுப்பு நாயின்னு நென்ச்சு அத்தப் போட்டுத் திட்டினு கீறேன்!"

"உள்ள விட்டுட்டு ஓடி வந்துடறேன்பா."

"நீ போவக் கூடாது. வேலியாண்ட வுடு. அதுக்கு போர்டு படிக்கத் தெரியாது, போய்க்கும்."

போகவில்லை. வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. மாமி அலைக்கு ஓடி, முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து அதன்மேல் பிழிந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஓடினாள். அடுத்த தடவை ஜவஹர் வாளியை வாங்கிக்கொண்டு தானே ஓடினான்.

ஒரு கண் நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. சட்டென்று பக்கவாட்டில் பாய்ந்து, வேலிக்கு அடியில் நுழைந்து, கண்ணில் பட்ட வளைக்குள் போனது. போன வேகத்தில் பெரிய நண்டு ஒன்று அதைத் துரத்திக்கொண்டு வெளியே வந்தது.

"அடப்பாவி! இத்துனூண்டு இடம் குடுக்கப்படாதா?"

"இந்த ஏரியால வாடகைக்கு வூடு கெடைக்கறது கஷ்டம்மா," என்றான் ஜவஹர்.

நண்டு கொஞ்சம் தள்ளிப் போய்த் தானே மணலைத் தோண்ட ஆரம்பித்தது. போன் அடித்தது. சுப்பராமன். "உசுரோட இருக்கா?"

"இருங்கோ, புது வீட்டுக்குக் கடக்கால் தோண்டிண்டிருக்கு."

பள்ளத்திலிருந்து ஒரு பிடி மணல் வெளியே வந்து விழுந்தது. பிறகு இன்னொரு பிடி. நண்டு முழுக்க மறைந்துபோனது. வேலியருகே குந்தியிருந்த இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"ஏம்ப்பா," என்றாள் மாமி மெதுவாக, "உள்ள அது திரும்பறதுக்கு இடம் இருக்குமோ?"