பன்னிரண்டு மணிக்குள் ஒரு பிரியாணி

1998, தை மாதப் பௌர்ணமி. காலை ஐந்து மணிக்கு ஆம்பூரில் பஸ் ஏறினேன். பெங்களூருக்கு நூற்றியெழுபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நாற்பது ரூபாய். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் ஆயிரம் பேர் கல்யாணத்துக்குத் தனி ஆளாய் நின்று பிரியாணி இறக்கியவன். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன வருடம் இறந்த என் தங்கை பெங்களூர் நீலசந்திராவில் வாழ்ந்தவள். பௌர்ணமிதோறும் புத்த விகாரையில் பிக்குகளுக்குச் சைவச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பாள். “ஒரு நாள் இங்க வந்து சாப்பிடுண்ணா, உடம்பு லேசாயிடும்” என்பாள். நான் சிரிப்பேன். இன்று அவள் நினைவு நாள். சமையல் என்னுடையது என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஹெப்பகோடி அருகே லாரி நெரிசலில் ஒரு மணி நேரம் போயிற்று. சாந்தி நகரில் இறங்கும்போது மணி பத்தேகால். ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய்.

“புத்தர் கோயிலா? அங்க கறி கெடைக்காதே பெரியவரே” என்றார் ஓட்டுநர்.

“திங்கப் போகலப்பா, சமைக்கப் போறேன்.”

“சமைக்கவும் கெடைக்காது.”

விகாரையில் தங்கை புருஷன் துரை காய்களை நறுக்கி வைத்திருந்தார். பதினொன்று இருபதுக்கு மாவு ஒட்டி மூடி, தம் போட்டேன். “முக்கால் மணி நேரம் யாரும் தொடக் கூடாது” என்றேன். துரையின் முகம் மாறிவிட்டது.

“மச்சான், பன்னெண்டு தாண்டினா பந்தேங்க, அதான் பிக்குங்க, சாப்பிட மாட்டாங்க. அப்புறம் நாளைக்குக் காலையிலதான்.”

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லு மாப்ளே. என் பிரியாணிக்கு எம்.எல்.ஏ.வே காத்திருந்தாரு.”

“அவரு காத்திருப்பாரு. இவங்க பட்டினி கெடப்பாங்க. உங்க தங்கச்சி பேரச் சொல்லிப் பட்டினி போடுவீங்களா?”

நாற்பது வருடத்தில் நேரத்துக்கு முன்னால் நான் தம் உடைத்ததில்லை. பதினொன்று முப்பத்தைந்துக்கு உடைத்தேன். அரிசி முழுசாக வேகாமல் நறுக்கென்றுதான் இருந்தது. நாம் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் பிக்குகள் உண்பார்களாம், நானும் துரையும் கொடுத்தோம். ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் கூழாகும்வரை மென்றார்கள். பேச்சே இல்லை. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கை கழுவினார்கள்.

“எப்படி இருந்தது சாமி?” என்றேன்.

“பசி தீந்துது” என்றார் மூத்தவர். அவ்வளவுதான்.

பிறகு நாங்களும் பேசாமல் சாப்பிட்டோம். அந்த அரிசியை மெல்லாமல் விழுங்க முடியாது. வழக்கமாக நாலு கரண்டி தின்பவன், ஒன்றிலேயே எழுந்துவிட்டேன்.

மாலை ஊர் திரும்பும் வழியில் கிருஷ்ணகிரியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் போண்டா தின்றார்கள். எனக்குப் பசிக்கவில்லை. இன்னும் அரை மணி தம் கிடைத்திருந்தால் அந்த மூத்த பிக்குவே வாய்விட்டுப் பாராட்டியிருப்பார், அது நிச்சயம். ஆனாலும் தங்கை சொன்னபடி உடம்பு லேசாகத்தான் இருந்தது. அதைக் கேட்க அவள்தான் இல்லை.