மாத்திரை போடாமல் வரச்சொன்ன காலை

தொண்டை கிழியக் கத்தினாலும் சில பேருக்குக் காதில் ஏறாது. டோரிஸுக்கு அது அந்தச் சனிக்கிழமைதான் முழுசாகப் புரிந்தது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயரானவள். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்த வாய் அது. தான் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து போர்ட் கிள்ளான் வரைக்கும், அவள் சேர்த்த பார்க்கின்சன்ஸ் நோயாளிக் குழுவின் வீடுகளுக்கெல்லாம் போன் போட்டுப் படித்துப் படித்துச் சொன்னாள். "காலை மாத்திரை போடாம வாங்க. மாத்திரை இல்லாம கை எப்படி நடுங்குது, கால் எப்படி இழுக்குதுன்னு டாக்டர் பாக்கணும். பாத்ததும் அங்கேயே போட்டுக்கலாம்."

எல்லாரும் சரி என்றார்கள். சரி என்பதற்கு என்ன செலவு?

வந்த கோலத்தைப் பார்க்கணுமே! கிள்ளான் இராஜம்மா பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, சம்பந்தி வீட்டுக்குப் போகிறவள் மாதிரி, முகாம் நடக்கிற சர்ச் ஹாலுக்குள் நுழைந்தாள். லோரி ஓட்டிய தம்புசாமி கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக நடந்து வந்தார். நடுக்கமா? மருந்துக்குக்கூட இல்லை.

"மாத்திரை போட்டீங்களா?" என்றாள் டோரிஸ்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் இராஜம்மா. "மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்கோம். வெளியாளுங்க வர்ற இடத்துல நான் ஆடிக்கிட்டு நின்னா யாரு பொண்ணு எடுப்பா?"

"நான் ஒண்ணரை" என்றார் தம்புசாமி. "டாக்டர் முன்னாடி மரியாதையா நிக்க வேணாமா லா?"

டோரிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். போன தடவையும் இதே கூத்து. நோயாளிகளை நேரில் பார்த்து ஆராய்வது, அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு இந்த நடுக்கம் குடியும் இல்லை, சாபமும் இல்லை என்று விளங்கவைப்பது, இரண்டும் சேர்ந்ததுதான் டாக்டர் வாசுவின் திட்டம். அக்கம்பக்கத்தார் வந்து முன் வரிசை நாற்காலிகளைப் பிடித்துவிட்டார்கள். பார்க்கத்தான் நோயைக் காணோம்.

வாசு அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "ஆன்டி, இன்னிக்கும் யாரையும் பாக்க முடியலன்னா, இந்தக் குழுவை விட்டுட்டு வேற இடம் பாக்கச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க. என் கையில இல்ல."

இதை விட்டால் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு எந்த டாக்டர் தேடி வரப்போகிறார்? அவள் அலைந்ததெல்லாம் இராஜம்மாவுக்காகவா? வீட்டில் ஒரு மனுஷன் இருக்கிறாரே, இக்னேஷியஸ், அவள் புருஷன். ரயிலில் கார்டாக இருந்தவர். பூசையில்கூட ஆடுகிற வலது கையைப் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் ஒளிக்கிறவர். அவரிடம் மட்டும் அவள் கேட்கவே இல்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அவளே முடிவு கட்டி, மாத்திரை போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அப்போதுதான் வாசலில் பக்கத்து வீட்டு ராதாகிருஷ்ணனின் கார் வந்து நின்றது.

இக்னேஷியஸ் இறங்குவதற்கே வெகு நேரமானது. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கை தடதடவென்று ஆட, குட்டிக் குட்டி அடியாக வாசல்வரை வந்தார். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. ஹாலே திரும்பிப் பார்த்தது.

டோரிஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. மேசையில் கிடந்த மாத்திரையும் தண்ணியுமாக ஓடினாள்.

"காலையில போடலையா?"

"நீ போன்ல எல்லாருக்கும் சொன்னியே, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"உங்களுக்கு யாரு சொன்னா? இந்தாங்க, போடுங்க."

"வேணாம் டோரிஸ்."

"எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கத்தானே கூப்பிட்டே" என்றார் அவர்.

வாசு மெதுவாக வந்து, அவள் கையிலிருந்த தம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "அங்கிள், அவசரமில்ல. கால் எப்ப வருதோ அப்ப வாங்க."

பின்னாலிருந்து தம்புசாமி தொண்டையைச் செருமினார். "டாக்டர், காலையில எனக்கும் இப்படித்தான். கக்கூஸ் வாசல்லயே நின்னுருவேன். அடுத்த வாரம் போடாம வரட்டா?"

இராஜம்மா பட்டுப்புடவையோடு எழுந்து வந்து, இக்னேஷியஸ் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் இன்னும் படியில்தான் நின்றுகொண்டிருந்தார். டோரிஸ் அவர் பக்கத்தில் போய் ஜனங்களைப் பார்த்து நின்றாள். அவர் வலது கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள், ஆடட்டும் என்று.